சொல் விளக்கம்: பவர் பாப்

மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, பல்லவியில் சேர்ந்திசைக்கும் குரல்கள், அதற்குக் கீழே உரக்க இரையும் மின்கிட்டார், ஓங்கி விழும் டிரம்ஸ் அடி. பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். பாப்பின் இனிமையும் ராக்கின் முரட்டுத்தனமும் கலந்த இந்த வகைக்குத்தான் பவர் பாப் என்று பெயர்.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ‘த ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட். 1967-ல் ஒரு பேட்டியில், தாங்கள் வாசிப்பது பவர் பாப் என்றார். ஸ்மால் ஃபேஸஸ் குழுவையும் பீச் பாய்ஸ் குழுவின் ஆரம்பகாலப் பாட்டுகளையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டார். பீச் பாய்ஸ் பவர் பாப்பா என்று இன்றைய ரசிகரிடம் கேட்டால் சண்டைக்கே வருவார். சொல் பின்னாளில் போய் ஒட்டிக்கொண்டது ராஸ்பெர்ரீஸ், பேட்ஃபிங்கர், பிக் ஸ்டார் போன்ற எழுபதுகளின் குழுக்களிடம். 1979-ல் ‘த நாக்’ குழுவின் ‘மை ஷரோனா’ பாட்டு அமெரிக்க ஹிட் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த அளவு வெற்றி இந்த வகைக்கு அபூர்வம்.

மற்றபடி இது தவறிப்போன ஹிட்களின் வரலாறு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த மளிகைக்கடையின் பெயரைக் குழுவுக்குச் சூட்டி, 1972-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று தலைப்பும் வைத்தார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விநியோகம் சொதப்பியதால் இசைத்தட்டு கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. 1974-ல் வெளியான அவர்களுடைய ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டு இன்று இந்த வகையின் உச்சம் என்று மெச்சப்படுகிறது. அப்போது அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. 1986-ல் ‘பேங்கிள்ஸ்’ குழு அதை மறுபடி பாடிய பிறகுதான் பலருக்கு மூலப்பாட்டு இருப்பதே தெரிந்தது.

இப்படி ஒரு பாட்டை முதன்முதலில் கேட்பவர் வாயில் வருவது அநேகமாக ஒரே கேள்வி: “இது எப்படி ஹிட்டாகாமப் போச்சு?” அடுத்ததாக, “பீட்டில்ஸ் சாயல் அடிக்குதே!” மூன்றாவதாக, இது உண்மையில் பவர் பாப்தானா என்ற வழக்கு. முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஒரு பரிசோதனை ஜாஸ் இசைத்தட்டைக் கேட்டு யாரும் இப்படி அங்கலாய்ப்பதில்லை. அது கூட்டத்துக்காகச் செய்ததல்ல. பவர் பாப்போ வானொலியில் ஒலிப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது. ஒலிக்காமல் போனால் கேட்பவருக்கே நஷ்டமாகப் படுகிறது. அதனால் ரசிகர் பேச்சில் இந்தச் சொல்லுக்கு ஒரு துணைப்பொருளும் ஏறிவிட்டது: கிடைக்கவேண்டிய பெயர் கிடைக்காத பாட்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் புலம்பல்தான். அதில் கொஞ்சம் பெருமிதமும் கலந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியும் என்கிற பெருமிதம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பாப்’ என்பது ‘பாப்புலர்’ என்பதன் சுருக்கம். அதற்குப் ‘பரப்பிசை’ என்று ஒரு சொல் உண்டு. பொருள் சரி, வாயில் நிற்பதில்லை. இலங்கைத் தமிழர் பொப்பிசை என்பார்கள், பாடகர் ஏ.ஈ. மனோகரன் போன்றவர்களின் பாட்டுகளைத் துள்ளிசை என்றும் சொல்வதுண்டு. துள்ளிசை என்பதில் உயிர் இருக்கிறது. ‘பவர்’ என்பதற்குச் சக்தி என்று போட்டால் பக்திப்பாட்டு ஆகிவிடும். ‘வல்லிசை’ என்றாலோ இரைச்சல் மட்டும் மிஞ்சி இனிமை தொலைந்துபோகும். விசைத்தறி, விசைப்படகு என்று ஏற்கனவே நம் வழக்கில் இருக்கிற ‘விசை’ இங்கே கச்சிதம். எனவே, விசைத் துள்ளிசை. கட்டுரையில் முதல் தடவை இப்படி எழுதி, பிறகு பவர் பாப் என்றே தொடர்ந்தால் போதும். பேச்சில் யாரும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.