இர்ரெடென்டிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்தைக் காட்டி, "அது எங்களுடையது, அங்கே இருப்பவர்கள் எங்கள் ஆட்கள், எங்களோடு சேரத்தான் வேண்டும்" என்று ஒரு நாடோ கட்சியோ பேசுவதுதான் இர்ரெடென்டிசம்.

சொல் பிறந்தது இத்தாலியில். 1861இல் ஒரே அரசான இத்தாலியோடு 1870இல் ரோமும் சேர்ந்தது, ஆனால் இத்தாலிய மொழி பேசுவோர் நிறைந்த திரென்தோவும் திரியெஸ்தேயும் ஆஸ்திரியா-ஹங்கேரியிடமே நின்றுவிட்டன. 1877இல் மத்தேயோ ரெனாத்தோ இம்ப்ரியானி என்ற அரசியல்வாதி அவற்றை 'தெர்ரே இர்ரெதென்தே', அதாவது மீட்கப்படாத நிலங்கள் என்றார். வேர்ச்சொல் லத்தீனில் 'ரெதிமெரே', விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது. அடகு வைத்த நகையை மீட்பது, மீட்பர் இயேசு என்பது, இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, அந்த லத்தீன் வேரும் அப்படித்தான்.

இதை இன்றும் கண்ணால் பார்க்க ஹங்கேரி போதும். முதல் உலகப் போரில் தோற்று, 1920 ஜூன் 4 அன்று டிரியானான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது பழைய ஹங்கேரி அரசின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. டிரான்சில்வேனியா அங்கிருந்த லட்சக்கணக்கான ஹங்கேரியரோடு ருமேனியாவுக்குப் போனது. அதன் பிறகு ஹங்கேரிப் பள்ளிகளில் பிள்ளைகள் "ஹங்கேரியின் உயிர்த்தெழுதலை நம்புகிறேன்" என்று ஜெபம் போலச் சொல்லி வளர்ந்தார்கள். 1940இல் ஹிட்லர் தயவில் வட டிரான்சில்வேனியா திரும்பக் கிடைத்தது, போர் முடிந்ததும் அதுவும் போயிற்று.

சரி, ருமேனியாவிடம் கேட்டால்? டிரான்சில்வேனியாவில் அப்போதே ருமேனியர்தான் பெரும்பான்மை, அவர்கள் 1918 டிசம்பர் 1 அன்று ஆல்பா யூலியா நகரில் கூடி ருமேனியாவோடு சேர்கிறோம் என்று அறிவித்தார்கள், அந்த நாள்தான் இன்று ருமேனியாவின் தேசிய தினம். ஜூன் 4ஐ ஹங்கேரி 2010இல் தேசிய ஒற்றுமை நாளாக்கியது. 2020இல் ருமேனிய நாடாளுமன்றம் அதே நாளை டிரியானான் ஒப்பந்த நாளாக்கியது, சீண்டல் என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் 1996 ஒப்பந்தத்திலேயே இரு நாடுகளும் எல்லையை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனாலும் 2022இல் பிரதமர் ஓர்பான் பழைய பெரிய ஹங்கேரியின் வரைபடம் போட்ட துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கால்பந்து பார்க்கப் போக, ருமேனியாவும் உக்ரைனும் கண்டனம் தெரிவித்தன.

தமிழில் 'நிலமீட்பு' என்று மட்டும் எழுதினால் பஞ்சமி நில மீட்பு நினைவுக்கு வந்துவிடும். 'மீட்புவாதம்' என்றாலோ எதை மீட்பது என்று கேள்வி வரும். அதனால் 'இழந்த நில மீட்புவாதம்' என்பதே என் தேர்வு, கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

அப்புறம், கச்சத்தீவு மீட்புக் கோரிக்கையை இந்தச் சொல்லில் அடக்க வேண்டாம். அங்கே அந்தோணியார் கோயில் உண்டு, குடியிருப்போர் இல்லை. சண்டை மீன்பிடி உரிமைக்கும் 1974 ஒப்பந்தத்துக்கும்தான், எல்லை தாண்டி இருக்கும் சொந்த மக்களைச் சேர்த்துக்கொள்வதற்கு அல்ல.