மிதித்தும் இழுக்காத வண்டி

வத்தலக்குண்டைத் தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் என் பழைய டீசல் காரின் நோய் வெளியே தெரிந்தது. இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தும் வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் கரும்புகை. கொஞ்ச நாளாகவே பிக்கப் குறைவுதான். சமவெளியில் அது பழகிப்போயிருந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் விட்டேன். டீசல் ஃபில்டரை மாற்றினார்கள், ஏர் ஃபில்டரை மாற்றினார்கள். பலன் இல்லை. அடுத்து, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவுக்குப் பயந்து இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: “மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு ஏறுதா, ஏறலையா?”

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவதுதான் ஆர்பிஎம் முள். பாதி நோயை அந்தக் கேள்வியே பிரித்துக் காட்டிவிடும். முள் சரசரவென ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. அது தரும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கியர் போட்டு ஓட்டும் வண்டியில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தோடு இறுகப் பிடித்துச் சுழல வேண்டிய பிளேட் வழுக்குகிறது. சக்தி சூடாக மாறி, கருகிய வாடையாக வெளியே வருகிறது. காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அழுத்தி மிதித்துப் பாருங்கள். முள் துள்ளி, வேகம் அப்படியே நின்றால் கிளட்ச்தான். கியர் படிகளே இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் முள் முந்துவது இயல்பு.

முள்ளே ஏறத் தயங்கினால்? ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடிக்கும். அது இல்லையென்றால் இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினை எரிபொருள் குடிக்கும் இயந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது குடிப்பதெல்லாம் காற்று. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று! பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நாம் திறப்பது காற்று போகும் வழியைத்தான். உள்ளே எவ்வளவு காற்று வந்தது என்று அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை ஈசியூ என்கிற கணினி தெளிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத கார் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழப்பது பழுதே இல்லை. அதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டாம்.

என் காரில் டர்போ இருந்தது. புகைக்குழாயில் பாயும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழற்றும். அது காற்றை அமுக்கி, இன்டர்கூலர் வழியாகக் குளிர்வித்து இன்ஜினுக்குள் தள்ளும். இடையில் இருப்பவை ரப்பர் ஹோஸ்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் வண்டி சும்மா உறுமும்போது ஒன்றும் தெரியாது. மிதித்து அழுத்தம் ஏறும்போதுதான் கீறல் வாய் திறக்கும், ‘உஸ்’ என்று சத்தமும் வரும். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது கணக்குச் சொன்ன காற்றில் ஒரு பகுதி வழியில் ஓடிவிடுகிறது. டீசலோ முழுக் கணக்குக்கும் வருகிறது. எரியாத மிச்சம்தான் நான் மலையில் பார்த்த கரும்புகை.

மெக்கானிக் குழாய்க்குள் லேசாகக் காற்றடித்து, ஹோஸ்கள் மேல் சோப்புத் தண்ணீர் தடவினார். கிளாம்புக்கு அடியில் நுரை பொங்கியது, சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். விரல் நீளக் கீறல். ஒரு ஹோஸ், ஒரு கிளாம்ப், வேலை முடிந்தது. டர்போவில் கைகூட வைக்கவில்லை.

பெட்ரோல் வண்டியில் காற்றுக் கணக்கு வேறு விதமாகவும் தவறும். சில கார்களில் ஒரு மெல்லிய சூடான கம்பி காற்றை அளக்கிறது: காற்று அதைக் குளிர்விக்கக் குளிர்விக்க, சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதே அளவு. கம்பியில் தூசி படிந்தால் காற்றைக் குறைவாகக் காட்டும், பெட்ரோலும் குறைவாக வரும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் கழுவலாம். துணியோ விரலோ படக்கூடாது.

பெட்ரோல் போதவில்லை என்பதைப் புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொன்னதும் ஈசியூ கூடுதலாகத் தெளித்து ஈடுகட்டும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதை ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டும் சிறு ஸ்கேனரில் பார்க்கலாம். ஓரிரு சதவீதம் முன்பின் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் கோளாறு. எப்போது கூடுகிறது என்பதும் முக்கியம். வண்டி நின்று உறுமும்போது அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது. நிற்கும்போது சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகப்படுங்கள். திரையில் ‘பி0171’ என்று வந்தவுடனே சிலர் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே அந்தக் குறியீடு சொல்கிறது. செய்தி கொண்டுவந்தவரை மாற்றி என்ன பயன்?

வண்டி ‘மிஸ்ஸிங்’ அடித்துக் குலுங்கினால், அதாவது பெட்ரோல் சில சமயம் எரியாமல் போனால், பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, உள்ளே தேன்கூடு போல இருக்கும் பகுதியையே உருக்கி அடைத்துவிடும். பழைய புகை வெளியேறாவிட்டால் புதுக் காற்று உள்ளே நுழைய முடியாது. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

பட்டறைக்குப் போகுமுன் கவனித்து வையுங்கள்: இன்ஜின் சூடானபின் மட்டும் இழுக்கவில்லையா, எப்போதுமேவா? எல்லா கியரிலுமா? எந்த ஆர்பிஎம்மில் தொடங்குகிறது? புகை என்ன நிறம்? அப்புறம், மிதிக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘உஸ்’ கேட்கிறதா என்று பாருங்கள்.