பன்னிரண்டாம் மாதத்து வட்டி பூச்சியமா?

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் சில மாணவர்களுக்குச் செய்நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாள்களில் என் தொழிலும் அதுதான்: கணக்கு மென்பொருள் எழுதுவது, பிறர் எழுதியவற்றில் பிழை தேடுவது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி அண்மையில் காட்டிய கணக்கு, வேலைத்தளத்தில் நான் அடிக்கடி காணும் பிழையையே கண்முன் நிறுத்தியது.

அவளுடைய தாயார் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். இயந்திரம் வாங்க 120,000 ரூபாய் கடன். மாதந்தோறும் கடன்தொகையில் 10,000 ரூபாய் அடைக்க வேண்டும். எஞ்சியிருக்கும் தொகைக்கு மாதம் 2 சதவீத வட்டி. முதல் மாத வட்டி 2,400, அடுத்தது 2,200, அதற்கடுத்தது 2,000. பாடசாலையில் படித்த கூட்டல் விருத்தி, அதாவது ஒரே அளவால் கூடியோ குறைந்தோ செல்லும் எண் வரிசை, வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பதைக் கண்ட பிள்ளை, மகிழ்ச்சியோடு பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு செய்நிரல் எழுதியிருந்தாள். மொத்த வட்டி 14,400 என்றது திரை. கடைசி மாத வட்டி 0.

“கடைசி மாதத்தோடு கடன் முடிகிறதுதானே சேர், அதனால் வட்டி இல்லை” என்றாள்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டாம் தவணையைக் கட்டும் வரை தாயாரின் பெயரில் 10,000 ரூபாய் கடன் நிற்கிறது. அதற்கு 200 ரூபாய் வட்டி உண்டு. சரியான மொத்தம் 15,600. சாதாரண தரக் கணிதத்தில் மாத அலகுகள் என்று படிக்கிறோமே, ஒரு தவணைத் தொகை ஒரு மாதம் கடனாக நிற்பது ஓர் அலகு. அந்த வழியில் பார்த்தாலும் 12 முதல் 1 வரை கூட்டினால் 78 அலகுகள், அலகுக்கு 200 ரூபாய், அதே 15,600தான்.

பிழை ஒரே இடத்தில் இருந்தது. விருத்தியின் கடைசி எண்ணை, அதாவது கடைசி உறுப்பைக் காண, மாதந்தோறும் குறையும் 200 என்ற பொது வித்தியாசத்தைப் பதினொன்றால் பெருக்குவதற்குப் பதிலாகப் பன்னிரண்டால் பெருக்கியிருந்தாள். காலி வீதியோரம் பன்னிரண்டு மின்கம்பங்கள் நின்றால் அவற்றுக்கிடையே பதினொரு இடைவெளிகள்தாம். கம்பத்தை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதங்களை எண்ண, பைத்தானில் எண்களை வரிசையாகத் தரும் ‘ரேஞ்ச்’ என்பதை எழுதி 1, 12 என்று கொடுத்தால் அது பதினொன்றுடன் நின்றுவிடும். அப்போது மொத்தம் 15,400 வந்திருக்கும். இரண்டு பிழைகள், இரண்டு விடைகள். எதற்கும் திரையில் எச்சரிக்கை வராது.

“கணினி பிழை விடுமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நாம் சொன்ன கணக்கை அது பிழையின்றிச் செய்யும். நாம் தவறான கணக்கைச் சொன்னால், அதையும் பிழையின்றிச் செய்யும். ஆகவே எந்தச் செய்நிரலையும் முதலில் கையால் முடிக்கக்கூடிய சிறிய கணக்கில் ஓட்டிப்பார்க்கச் சொல்கிறேன். 30,000 ரூபாய், மூன்று மாதம்: 600, 400, 200, மொத்தம் 1,200. அவளுடைய செய்நிரல் 900 என்றது. முகம் மாறியது. பிழையை அவளே கண்டுபிடித்தாள், நான் காட்டவில்லை.

பிறகு கணக்கைத் திருப்பிப் போடச் சொன்னேன். மொத்த வட்டி 15,600 என்றால் எத்தனை மாதம்? கூட்டுத்தொகையிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் காணும் வழியை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இருபடிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டும். செய்நிரல் இரண்டு விடைகளைத் தந்தது: 12, 13. கணிதப்படி இரண்டுமே சரி, ஏனெனில் பதின்மூன்றாம் உறுப்பு 0. அதைச் சேர்த்தாலும் மொத்தம் மாறாது. அவள் முன்பு பன்னிரண்டாம் மாதத்தில் வைத்திருந்த பூச்சியம் உண்மையில் இருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் பதின்மூன்றாம் மாதத்தில் கடனே இல்லை. எந்த விடையை எடுப்பது என்பதைக் கடன் வாங்கியவரின் நிலையில் நின்றுதான் முடிவுசெய்ய முடியும்.

மாணவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இன்னோர் இடம், முழுவெண் வகுத்தல். 3, 7, 11 என்று போகும் விருத்தியில் 200 எத்தனையாம் உறுப்பு? 200இலிருந்து 3ஐக் கழித்து, 4ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். மீதியைக் கைவிடும் வகுத்தலைப் பயன்படுத்தினால் 50 என்று வரும். ஐம்பதாம் உறுப்போ 199. அந்த விருத்தியில் 200 இல்லவே இல்லை! மீதி 0தானா என்று பார்க்கும் ஒரு வரி இல்லாத செய்நிரலை என் வகுப்பில் நான் ஏற்பதில்லை.

தசமங்களிலும் கவனம் வேண்டும். பைத்தானில் 0.1ஐப் பத்து முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால் 0.9999999999999999 வரும். விடை 1 ஆகும் வரை கூட்டு என்று எழுதினால் அது நிற்காமல் ஓடும். பணக் கணக்கை ரூபாயில் வைக்காமல் சதத்தில், முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பரீட்சை மண்டபத்தில் கணிப்பானுக்கே இடமில்லை, இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு தந்தை கேட்டார். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்று யோசிக்காமலே புள்ளி வாங்கிவிடலாம். செய்நிரல் எழுதி, அதைச் சோதித்தும் பார்க்கும் பிள்ளை அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்த சனிக்கிழமை அவள் கடன் கொடுத்தவர்கள் தந்த தாளுடன் வந்தாள். பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் வட்டி 2,400. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் முழுத்தொகைக்கும் வட்டி போட்டிருந்தார்கள். மொத்தம் 28,800. தாயார் இன்னும் கையெழுத்திடவில்லை. இரண்டு அட்டவணைகளையும் அருகருகே அச்சிட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர் அவற்றை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.