மனநலச் சிகிச்சைக்கு நீண்ட விடுப்பு: இ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும், எங்கே சிக்கும்?

மனச்சோர்வு முற்றி வேலைக்கே போக முடியாத நிலை வரும்போது, பலர் முதலில் எழுதுவது ராஜினாமாக் கடிதத்தைத்தான். தயவுசெய்து அவசரப்பட்டு அதை எழுதிவிடாதீர்கள். முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால், நிறுவனமும் உங்களுக்காக 3.25 சதவீதம் கட்டுகிறது என்று பொருள். டைபாய்டில் படுத்தவருக்குக் கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகை, மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கும் அதே அளவில் கிடைக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இந்தத் திட்டத்தில் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000.

இதில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி சாதாரண நோய்க்கால உதவித்தொகை. அடுத்தடுத்து வரும் இரண்டு பயன் காலங்களில், அதாவது ஓராண்டில், அதிகபட்சம் 91 நாள். தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம். உங்கள் தினச் சராசரி 600 ரூபாய் என்றால் நாளுக்கு 420 ரூபாய். 91 நாளுக்கும் எடுத்தால் 38,220 ரூபாய். நோய் தொடங்கும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆனால் முந்தைய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை.

தகுதிக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்குச் செல்லும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மார்ச்சில் விடுப்பு வேண்டுமென்றால், போன மாதம் கட்டியதைப் பார்க்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரல்–செப்டம்பர் கணக்கைத்தான் எடுப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் போன பிறகே இந்தப் பணம். மருத்துவச் சிகிச்சைக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது படி, 91 நாளும் தீர்ந்த பிறகு வரும் நீட்டித்த உதவித்தொகை. நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதில் மனநோய்த் தலைப்பின் கீழ் வருபவை மனச்சிதைவு, இருதுருவ மனநோய், எண்டோஜீனஸ் டிப்ரஷன் எனப்படும் கடும் மனச்சோர்வு, மறதி நோய் ஆகியவை. இதற்குத் தொகை 80 சதவீதம். முதலில் 124 நாள் தருவார்கள், தேவைப்பட்டால் 730 நாள் வரை நீட்டலாம். இரண்டு ஆண்டு தொடர் வேலையும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

பதற்றக் கோளாறோ வேலைப்பளுவால் வந்த சோர்வோ இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு 91 நாளோடு சரி. ஆகவே சான்றிதழில் மருத்துவர் எழுதும் நோயின் பெயர் முக்கியம். உங்களுக்கு இருப்பது கடும் மனச்சோர்வாக இருக்கும்போது, ‘ஸ்ட்ரெஸ்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் இரண்டாவது படி அடைபட்டுவிடும். சரியான நோயறிதலை முழுமையாக எழுதும்படி மனநல மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நடைமுறை இப்படி. முதலில் உங்கள் ஐ.பி. நம்பர் (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) இணைந்திருக்கும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போங்கள். மனநலப் பிரிவுக்கு அங்கிருந்தே பரிந்துரைப்பார்கள். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தாலும், அவர் சான்றிதழ் மட்டும் பெரும்பாலும் போதாது. சீட்டுகளோடு இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்த்து அவர் சான்றைப் பெற்றாக வேண்டும். முதல் சான்று, பிறகு வாராவாரம் இடைச்சான்று, கடைசியில் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் ஃபிட் சர்டிபிகேட். நோய் நீண்டால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை தரும் சிறப்பு இடைச்சான்றும் உண்டு. நடுவில் ஒரு வாரம் சான்று விட்டுப்போனாலும் அந்த நாட்களுக்குப் பணம் நின்றுவிடும். எழுந்து போகவே தெம்பில்லாதவருக்கு இது பெரிய சுமைதான். வீட்டில் ஒருவர் தேதிகளைக் குறித்துவைத்து உடன் போவது மிகவும் உதவும்.

சான்றுகளோடு கோரிக்கைப் படிவத்தை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். நீங்கள் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை, சம்பளமும் வாங்கவில்லை என்பதைக் கிளை அலுவலகம் நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளும். ஒரே நாளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் இ.எஸ்.ஐ. தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பை முதலில் எடுப்பதா, இ.எஸ்.ஐ.யில் தொடங்குவதா என்பதை ஹெச்.ஆரிடம் முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். முழுச் சம்பளம் தரும் விடுப்பை எடுக்கும் நாட்களில், இ.எஸ்.ஐ. தொகையைவிடக் கையில் வரும் பணம் கூடுதலாக இருக்கும்.

இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. உதவித்தொகை வாங்கும் காலத்தில், சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டு மருத்துவர் அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. மனம் ஆற அம்மா வீட்டுக்குப் போவது இயல்புதான். போகும் முன் மருத்துவ அதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் நோயின் பெயர் தேவையில்லை. ‘மருத்துவரின் ஆலோசனைப்படி தொடர் சிகிச்சையில் இருக்கிறேன். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலைக்கு வர இயலாது. என் இ.எஸ்.ஐ. எண் இது. நீட்டிப்பு தேவைப்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்’ என்ற அளவு போதும். மின்னஞ்சலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டு நின்றால், பிறகு ‘தகவல் இல்லாமல் வரவில்லை’ என்று நோட்டீஸ் வரலாம். மனநலம் பற்றிய தகவலை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23ஆவது பிரிவில் தருகிறது.

நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் ஊழியரை வேலைநீக்கம் செய்வதையும் தண்டிப்பதையும் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆவது பிரிவில் தடை செய்தது. அந்தக் காலத்தில் கொடுக்கும் நீக்க நோட்டீஸ் செல்லாது என்றும் அதே பிரிவு சொன்னது. நீங்களாகவே ராஜினாமா செய்துவிட்டால் இப்படி ஒரு பாதுகாப்பைக் கேட்கவே வழியிருக்காது.

21,000க்கு மேல் (மாற்றுத்திறனாளிகள் என்றால் 25,000க்கு மேல்) சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த வழி இல்லை. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஓராண்டு வேலை முடித்தபின் 12 நாள் சம்பள விடுப்பு உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால், சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாள் வரை என்று நிறுவனத்தின் விடுப்பு விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்த நாட்களுக்கு வேலையில் தொடர்ச்சி உண்டு என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.