மருந்துக்குப் பழகிய புழு

இலவம்பாடி முள்ளுக்கத்தரியைக் காம்பைப் பிடித்து எடுத்தால் விரலில் குத்தும். காயின் வயிற்றைத்தான் பிடிக்க வேண்டும். போன தை மாதம், வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் மாமாவின் கொல்லைக்குப் போயிருந்தேன். அவர் அப்படித்தான் ஒரு காயைப் பிடித்து, கத்தியால் இரண்டாகப் பிளந்து என்னிடம் நீட்டினார். வெளியில் பார்த்தால் பளபளவென்று நல்ல காய். காம்பை ஒட்டிக் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதையும் கறுத்த எச்சம் அடைத்திருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு சுரங்கம். அதன் முடிவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

"நாலு வாட்டி மருந்து அடிச்சாச்சு, கேக்கவே இல்ல. மின்ன எல்லாம் ஒரு வாட்டி அடிச்சா போதும். இப்போ எல்லாம் மருந்துக்குப் பழகிக்கிச்சு" என்றார் மாமா.

இந்தப் 'பழகிக்கிச்சு' நம் பக்கத்தில் எங்கும் கேட்கிற வார்த்தை. கொசுவர்த்தியைப் பற்றிச் சொல்வார்கள், காய்ச்சல் மாத்திரையைப் பற்றிச் சொல்வார்கள். தினம் காரம் தின்றவன் காரத்துக்குப் பழகுவதுபோல, புழுவும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தேறிவிட்டது என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. அந்தப் படம் தப்பு. மாமாவின் கொல்லையில் எந்தப் புழுவும் எதற்கும் பழகவில்லை. உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெரிய அறிஞர்களே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். டார்வின் பிறந்த அதே 1809-ல் வெளிவந்த தன் நூலில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க், உயிர்கள் தம் வாழ்நாளில் பழகிப் பெற்றதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அப்படியே தலைமுறை தலைமுறையாக மாறிவருகின்றன என்று எழுதினார். 50 ஆண்டுகள் கழித்து, 1859-ல் டார்வின் தன் நூலில் சொன்ன விளக்கம் வேறு. தனி உயிர் மாற வேண்டியதே இல்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது. அதில் கொஞ்சம் பிள்ளைகளுக்கும் போகிறது. சூழல் நெருக்கும்போது சிலர்தான் பிழைத்துப் பிள்ளை பெறுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் கூட்டம் தானாக மாறும். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்றார். அதே எண்ணத்துக்குத் தனியாக வந்து சேர்ந்த இன்னொரு இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரையும் டார்வினின் எழுத்தும் 1858-ல் லண்டனில் ஒன்றாகவே வாசிக்கப்பட்டன.

பேச்சாகச் சொன்னால் இது கையில் நிற்காது. கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கொல்லையில் 10,000 புழுக்கள். அவற்றில் 10 மட்டும் பிறவியிலேயே மருந்தைத் தாங்கக்கூடியவை. ஒருமுறை மருந்து அடித்தால் சாதாரணப் புழுக்களில் நூற்றுக்கு 95 சாகும். தாங்கும் புழுக்களில் நூற்றுக்கு 20 சாகும்.

முதல்முறை அடித்ததும் சாதாரணப் புழுக்களில் ஏறக்குறைய 500 பிழைக்கும், அந்தப் பத்தில் 8 பிழைக்கும். மொத்தம் 508. பத்தாயிரம் ஐந்நூறாகிவிட்டது, மாமாவுக்குத் திருப்தி. பிழைத்தவை கூண்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகிப் பறந்து, முட்டையிட்டு, மறுபடியும் 10,000 ஆகின்றன. நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான். பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தப் புதுப் பத்தாயிரத்தில் தாங்கும் புழுக்கள் சுமார் 160. இரண்டாம் முறை அடித்தால் மிஞ்சுவது சுமார் 620. போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த 620-ல் ஐந்தில் ஒன்று தாங்கும் வகை. அடுத்த பத்தாயிரத்தில் அவை 2,000-ஐத் தாண்டிவிடும். மூன்றாம் முறை அடித்தால் மிஞ்சுவது 2,000-க்கும் மேல். நான்காம் முறை, 6,500.

ஐந்நூறு, அறுநூற்று இருபது, இரண்டாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு. கொல்லையில் நின்று பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? இரண்டு தடவை நன்றாகக் கேட்ட மருந்து திடீரென்று கேட்காமல் போய்விட்டது. நேற்றுவரை தெரியாத ஒன்றைப் புழு இன்று கற்றுக்கொண்டதுபோலத் தோன்றுகிறது. நடந்தது என்னவோ முதல் நாளிலிருந்தே ஒரே சீராக நடந்த கூட்டல் கழித்தல். பத்து நூற்று அறுபதானபோது எவர் கண்ணிலும் படவில்லை, எண்ணிக்கை பெருத்த பிறகுதான் பட்டது. பழகிவிட்டது என்ற எண்ணம் நமக்கு வருவதற்குக் காரணமே இந்தத் தாமதம்தான் என்று எனக்குப் படுகிறது.

நிஜக் கொல்லையில் இன்னும் சிக்கல் உண்டு. காய்க்குள் புகுந்த புழுமீது மருந்தே படாது. புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவிகள் மருந்தில் முதலில் செத்துப்போகும். பக்கத்துக் கொல்லையிலிருந்து அந்துப்பூச்சி வந்து கலக்கும். ஆனாலும் அடிப்படைக் கணக்கு அதேதான்.

இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரியான இடத்தில் கேட்டார்: "அந்தப் பத்துப் புழுவுக்கு மட்டும் அந்தக் குணம் எங்கேந்து வந்துச்சு? மருந்து அடிச்சதாலதானே வந்திருக்கும்?"

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் இதில்தான் வெகுநாள் முட்டிக்கொண்டு நின்றார்கள். 1952-ல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற அமெரிக்கத் தம்பதி இதற்கு ஒரு வெல்வெட் துணியை வைத்தே பதில் கண்டுபிடித்தார்கள். தட்டையான கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வளர்த்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரே கிருமியின் வம்சம். ஒரு கட்டையின் முனையில் வெல்வெட்டை இழுத்துக் கட்டி, தாலுகா ஆபீஸ் முத்திரைபோல அந்தத் தட்டின்மேல் ஒத்தினார்கள். துணியின் மயிர்க்காம்புகளில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அதே முத்திரையை மருந்து கலந்த புதுத் தட்டுகளில் வரிசையாகக் குத்தினார்கள். எல்லாப் புள்ளிகளும் செத்துவிட, ஒன்றிரண்டு மட்டும் வளர்ந்தன. ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில் வளர்ந்தன. மருந்து பட்ட பிறகுதான் குணம் வந்தது என்றால், தட்டுக்குத் தட்டு இடம் மாறியிருக்க வேண்டுமே. அப்புறம் அவர்கள் மூலத் தட்டுக்குத் திரும்பினார்கள். மருந்தின் வாடையே படாத தட்டு அது. அதே இடத்திலிருந்த கிருமிகளை எடுத்து வளர்த்துச் சோதித்தார்கள். அவை மருந்தைத் தாங்கின.

ஆக, தாங்கும் குணம் மருந்துக்கு முன்பே இருக்கிறது. செல் பிரியும்போது மரபணுவை நகல் எடுக்கிறது. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர் அங்கங்கே ஓர் எழுத்தை மாற்றிவிடுவதுபோல, இந்த நகலிலும் பிழை வருகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை, சில கெடுதல் செய்யும். என்றோ ஒன்று, ஏதோ ஒரு சூழலில் உதவும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பில் சோடியம் அயனி நுழையும் வாசலை மூடவிடாமல் பிடித்துவைத்துக் கொல்கின்றன. அந்த வாசலைக் கட்டும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே மருந்துக்குப் பிடி நழுவிவிடும். பூச்சிக்கு இது தெரியாது. மருந்து வரப்போகிறது என்றும் தெரியாது.

வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது, தொழுநோய்க்கென்றே 1955-ல் தொடங்கிய மருத்துவமனை. அந்தக் காலத்தில் தொழுநோய்க்கு டாப்சோன் என்ற ஒரே மாத்திரைதான். வருடக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க, அதையே விழுங்கினார்கள். 1964-ல் டாப்சோனைத் தாங்கும் கிருமிகள் இருப்பது மலேசியாவில் உறுதியானது. தொழுநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மாமாவின் கொல்லையில் நாலு மாதத்தில் நடந்தது, மனித உடலுக்குள் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நடந்தது.

1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த தீர்வு இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது. மருந்தைத் தாங்கும் கிருமி பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் முற்றிய உடலில் கிருமிகள் ஆயிரம் கோடிக்கும் மேல் இருக்கலாம். ஒரே மருந்து கொடுத்தால் பத்தாயிரம் கிருமிகள் தப்பிக்கும். இரண்டு மருந்தையும் சேர்த்துத் தாங்குவது லட்சம் கோடியில் ஒன்றுதான். அப்படி ஒரு கிருமி அந்த உடலில் இருக்கவே பெரும்பாலும் வாய்ப்பில்லை. அதனால்தான் டாப்சோனோடு ரிஃபாம்பிசினையும் குளோஃபாசிமினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வட ஆர்க்காட்டில் ஊருக்கு ஊர் தொழுநோயாளிகள் இருந்த காலத்தை என் பாட்டி தலைமுறை பார்த்திருக்கிறது. அது இவ்வளவு குறைந்ததில் இந்தக் கூட்டு மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. பரிணாமம் என்பது டைனோசர் கதை என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது கரிகிரியைத்தான்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவு ஊறிய மண்ணிலும் இதே கதைதான். அந்தக் கழிவில் வரும் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களை அந்த மண்ணிலிருந்து ஆய்வாளர்கள் பலமுறை பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணைத் தாங்காதவை போய்ச்சேர்ந்தன, மிஞ்சியவை அங்கே குடியிருக்கின்றன.

தேர்ந்தெடுப்பது மருந்தும் நஞ்சும் மட்டுமல்ல. முள்ளுக்கத்தரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரியின் காட்டு உறவுகளுக்கு முள் உண்டு. சாலையோரம் தரையோடு படர்ந்திருக்கும் கண்டங்கத்திரியை ஆடு முகர்ந்துவிட்டுத் தள்ளிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தூதுவளையும் அதே குடும்பம்தான், கீரை பறிப்பவர்களின் விரலைக் கேட்டால் தெரியும். மேய்கிற வாய்கள் ஆயிரமாயிரம் தலைமுறையாக முள் குறைந்த செடியைத் தின்று, முள் கூடிய செடியை விட்டுவைத்தன. அப்புறம் மனிதன் வந்தான். பறிக்க வசதியாக முள்ளில்லாத செடியின் விதையை எடுத்துவைத்தான். கத்தரியிலும் அதன் உறவுச் செடிகள் பலவற்றிலும் முள் போனது எப்படி என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: செடியின் வளர்ச்சி ஹார்மோனோடு தொடர்புடைய ஒரே வகை மரபணு, வெவ்வேறு செடிகளில் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாகப் பழுதாகியிருக்கிறது. வெவ்வேறு ஊர் உழவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் அதே பழுதைப் பொறுக்கியிருக்கிறார்கள். இலவம்பாடிக்காரர்களோ ருசிக்காக முள்ளோடு வைத்துக்கொண்டார்கள். அந்தக் காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, புழு மருந்தைத் தாங்குகிறது, செடி முள்ளை இழக்கிறது. இதிலிருந்து புது இனம் எப்படி வரும்? அதற்குத் தேவை பிரிவு. வட ஆர்க்காடு மாவட்டத்தை 1989-ல் இரண்டாக்கினார்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கினார்கள். அரசாணைக்குத் தேதி உண்டு. உயிரினங்கள் பிரிவதற்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஒரே கூட்டம் ஆறாலோ சமவெளியாலோ இரண்டாகிறது. இந்தப் பக்கத்துப் பிழைகள் அந்தப் பக்கம் போவதில்லை. இங்கே பாறை கறுப்பு, அங்கே மண் சிவப்பு. இங்கே ஒரு வகை இரை, அங்கே வேறு. இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தேர்வு நடந்து, பல்லாயிரம் தலைமுறைக்குப் பிறகு சந்தித்தால் ஒன்றையொன்று துணையாக ஏற்பதில்லை, அல்லது சேர்ந்தாலும் குட்டி தேறுவதில்லை. அப்போது அவை இரண்டு இனம்.

நம் பக்கத்து மலைகளை ரயிலிலிருந்து பார்த்தால் கடலில் தீவுபோலத் தெரியும். சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. குளிர்ச்சியான பாறையிடுக்கில் வாழும் விரல் நீளப் பல்லிக்கு அந்தச் சமவெளி கடலேதான். சேர்வராயன் மலைத்தொடரையும் சுற்றியுள்ள குன்றுகளையும் தேடிய ஆய்வாளர்கள், பகலில் நடமாடும் இப்படிப்பட்ட குட்டிப் பல்லிகளில் ஐந்து புது இனங்களை 2022-ல் அறிவித்தார்கள். குறிப்பிட்ட மலையை விட்டால் வேறெங்கும் இல்லாதவை. இந்த மாதிரிப் பிரிவில் இயற்கைத் தேர்வு மட்டுமே வேலை செய்வதில்லை. சின்னக் கூட்டத்தில் தற்செயலும் பெரிய பங்கு வகிக்கிறது. எந்தப் பல்லி பாறை சரிந்து செத்தது, எது பிழைத்தது என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக மாமா கேட்டது, மருந்தை நிறுத்தினால் புழு பழையபடி ஆகுமா என்று. ஆகலாம், மெதுவாக. மருந்தைத் தாங்கும் உடம்புக்கு அதற்கென்று ஒரு செலவு இருப்பது உண்டு. மருந்து இல்லாத இடத்தில் அந்தச் செலவு வெறும் நஷ்டம், சாதாரணப் புழு முந்திக்கொள்ளும். அதனால் கொல்லை முழுக்க ஒரே மருந்தை அடிக்காமல் ஓரத்தில் நாலு பாத்தியை விட்டுவைத்தால், அங்கே பிழைக்கும் சாதாரண அந்துப்பூச்சிகள் தாங்கும் வகையோடு கலந்து அதன் வேகத்தைக் குறைக்கும் என்றேன்.

"நாலு பாத்திய புழுவுக்கு வுடச் சொல்றியா?" என்றார். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதற்கு மட்டும் சரி என்றார். பிறகு எழுந்து, வாடித் தொங்கிய குருத்து ஒன்றைக் கிள்ளி நடுவில் பிளந்தார். உள்ளே புழு இருந்தது. அதை மண்ணில் போடாமல் கையிலிருந்த வாளியில் போட்டுவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தார்.