மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவில்லையா? பட்டியலைக் கேளுங்கள், ஆதாரைக் காத்துக்கொள்ளுங்கள்

பாம்பன் பக்கத்துக் கரையோரக் கிராமத்தில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். பாறையில் கீறாமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. "தம்பி, தடைக்காலக் காசு தெருவுல எல்லாருக்கும் ஏறிருச்சு. எங்க குடும்பத்துக்கு மட்டும் ஏறல. ஆபீஸ்ல கேட்டா, யாருக்கு ஏறுச்சுன்னு சொல்லக் கூடாது, தனிநபர் விவரமாம்."

அவரோடு நானும் அந்த மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனேன். வாசல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வங்கிக் கணக்கு இணைக்காதவர்களின் பட்டியல். பெயர், அப்பா பெயர், கைப்பேசி எண், 12 இலக்க ஆதார் எண், எல்லாம் முழுதாக இருந்தன. போகிற வருகிறவர்கள் யாரும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

காட்ட வேண்டியதை மறைத்து, மறைக்க வேண்டியதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இந்த இரண்டுக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் கரையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களுக்கு மாநில அரசு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த தொகையை 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. இது பொதுப்பணம். யாருக்குப் போனது என்று கேட்கும் உரிமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்குத் தருகிறது. இந்தச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவைப் பாருங்கள். மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. நிவாரணப் பட்டியல் கேட்கும் மனுவில் இந்தப் பிரிவை எழுத மறக்காதீர்கள்.

சரி, "தனிநபர் விவரம்" என்று ஏன் சொல்கிறார்கள்? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இதே சட்டத்தில் 8(1)(ஒ) என்று தமிழில் குறிக்கப்படும் விலக்கு முன்பு இப்படி இருந்தது: பொதுப்பணிக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தகவலை மட்டும் மறுக்கலாம், அதிலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை எல்லாம் எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அதே சட்டத்தில் நம் தரவைக் காக்கச் சொல்லும் முக்கியமான பிரிவுகளுக்கோ 18 மாத அவகாசம். கதவை மூடும் பிரிவு முதலில் வந்துவிட்டது, காக்கும் பிரிவுகளுக்குக் காத்திருக்கிறோம். இது சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது குடிமக்களைக் காக்கத்தான். அலுவலகக் கோப்பை மூடி வைக்க அதைக் காரணம் காட்டக் கூடாது.

ஆனாலும் வழி முழுதாக அடைபடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. விலக்குக்குள் வரும் தகவலானாலும், தந்தால் வரும் கெடுதலைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம். பத்தாவது பிரிவும் இருக்கிறது. ஒரு தாளில் மறைக்க வேண்டியது கொஞ்சம் இருந்தால், அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். அதனால் பட்டியல் கேட்கும்போதே, "ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவற்றை மறைத்து, பெயர், கிராமம், தொகை மட்டும் தரவும்" என்று எழுதுங்கள். அக்கம்பக்கத்தாரின் அந்தரங்கத்தை நாமே காத்துவிடுகிறோம், மறுக்கவும் காரணம் குறைந்துவிடும்.

மனு எழுதும்போது "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் இருக்கிற பதிவுதான் தகவல், விளக்கம் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு நான் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: எங்கள் குடும்ப விண்ணப்பத்தின் மீது தேதிவாரியாக எடுத்த நடவடிக்கையின் நகல், நிராகரித்திருந்தால் அந்த உத்தரவின் நகல், பயனாளியைத் தேர்வு செய்யும் அரசாணையின் நகல், எங்கள் கிராமத்தில் ஏற்கப்பட்டவர், நிராகரிக்கப்பட்டவர் எண்ணிக்கை. உங்கள் சொந்தக் கோப்பில் காக்க வேண்டிய அந்தரங்கம் உங்களுடையதுதான், அதை உங்களிடமே மறுக்க நியாயமில்லை.

மேலே "பொதுத் தகவல் அலுவலர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகம்" என்று ஊரோடு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், சான்று நகல் மட்டும் வைக்க வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுத்தில் கொண்டுவர உதவுவதும் அந்த அலுவலரின் கடமை. இது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர உங்கள் சொந்த விவரம் எதையும் தரவும் தேவையில்லை என்று அதே சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. அதனால் ஆதார் நகல் இணைக்க வேண்டாம். சொந்தக் கோப்பு கேட்கிறவர் அடையாளத்துக்கு மீனவர் அட்டை நகலை வைத்தால் போதும்.

பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியவர் மறுத்த அலுவலர், நீங்கள் இல்லை. காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அவர் கையிலிருந்தே அபராதம் கட்ட ஆணையம் உத்தரவிடலாம்.

அப்புறம் அந்தச் சுவர்த் தாள். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டம், 2016-இன் 29(4) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இப்படிப் பார்த்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அந்த எண்கள் இன்னும் பரவும். உள்ளே போய் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு ஊழியர் எழுந்து வந்து தாளைக் கிழித்தார். மறுநாள் கடைசி 4 எண்கள் மட்டும் உள்ள தாள் அதே இடத்தில் இருந்தது.

அக்காவின் மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம். ரசீதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்து, முப்பதாம் நாள் என்றைக்கு என்று உறை மேலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு இன்னும் 8 நாள் இருக்கிறது.