மசோதாவை நம்பி ஓராண்டைத் தொலைக்காதீர்கள்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அடைக்கல மசோதா தாக்கலானால் போதும், மறுநாளே "அமெரிக்கா புகலிடம் தருகிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தாக்கலாவது வேறு, சட்டமாவது வேறு.

ஹாங்காங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 30 அன்று அங்கே தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. போராட்டக்காரர்களுக்கு அடைக்கலம் தர வாஷிங்டனில் அடுத்தடுத்து மசோதாக்கள் வந்தன. அவற்றில் ஒன்று டிசம்பர் 7இல் பிரதிநிதிகள் சபையில் குரல் வாக்கெடுப்பில் தேறியது. செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றக் கோரியபோது, டிசம்பர் 18இல் செனட்டர் டெட் குரூஸ் மறுத்தார். அந்த முறையில் ஒருவர் மறுத்தாலே போதும். ஜனவரியில் நாடாளுமன்றத்தின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதி.

அதற்குப் பதிலாக வந்தது அதிபர் உத்தரவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவில் இருந்த ஹாங்காங்வாசிகளை 18 மாதம் வெளியேற்றுவதில்லை என்றார்கள். 2023இலும் 2025இலும் நீட்டித்தார்கள். இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது, வேலை அனுமதிக்கு மட்டும் ஐ-765 படிவம். கிரீன் கார்டுக்கு இது வழியல்ல.

பெயர் சொல்லி இயற்றிய சட்டங்களும் உண்டு. பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ஒடுக்கப்பட்ட பின் 1989இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் நான்சி பெலோசி கொண்டுவந்த மசோதாவை அதிபர் மூத்த புஷ் வீட்டோ செய்தார். சீன மாணவர் பாதுகாப்புச் சட்டம் 1992 அக்டோபரில்தான் வந்தது. சுமார் 54,000 பேர் கிரீன் கார்டு பெற்றார்கள். அதற்கு ஈடாகச் சீனாவின் விசா ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 1,000 கழித்துக்கொண்டார்கள். இந்தக் கழிவை யாரும் மேடையில் சொல்வதில்லை.

கியூபர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்கல் ஒரு தாளில் இருக்கிறது. ஓராண்டு தங்கினால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் முறையான அனுமதியுடனோ 'பரோல்' (விசா இல்லாதவரைத் தற்காலிகமாக உள்ளே விடும் அனுமதி) பெற்றோ நுழைந்திருக்க வேண்டும். எல்லையில் பிடிபட்டு ஐ-220ஏ தாளுடன் (நிபந்தனையுடன் விடுவிக்கும் உத்தரவு) விடுவிக்கப்பட்டால் அது பரோல் ஆகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2023இல் தீர்ப்பளித்தது. ஒரே எல்லையை ஒரே நாளில் கடந்த இருவருக்கு அதிகாரி வெவ்வேறு தாள் கொடுத்திருந்தால், முடிவும் வெவ்வேறு. அதனால்தான் உதவி கேட்டு யார் வந்தாலும் கதையைக் கேட்கும் முன் தாளைக் கேட்கிறோம்.

ஈழத்திலிருந்து போனவர்கள் உட்படப் பெரும்பாலோருக்கு 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின் பொது வழிதான். அடைக்கல விண்ணப்பம் படிவம் ஐ-589. கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். மசோதா நிலுவையில் இருப்பது இந்தக் கெடுவை நிறுத்தாது. மாணவர் விசா போன்ற சட்டபூர்வ நிலை தொடர்ந்திருந்தால் தாமதத்துக்கு விலக்குக் கேட்கலாம், அதுவும் நிலை முடிந்த பின் நியாயமான காலத்துக்குள். மேலே சொன்ன அதிபர் உத்தரவுப் பாதுகாப்பு அந்த விதியின் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எனவே அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

அடைக்கலம் பெறக் காட்ட வேண்டிய, ஊர் திரும்பினால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்கு ஐம்பது சதவீத வாய்ப்பைக் காட்டத் தேவையில்லை, பத்தில் ஒன்று இருந்தாலும் போதலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்குகள் பெரும்பாலும் அங்கே தோற்பதில்லை, தேதிகளில்தான் தோற்கின்றன. கைதானது மார்ச் என்று ஐ-589இலும், ஏப்ரல் என்று தாயாரின் கடிதத்திலும் இருந்தால், 2005ஆம் ஆண்டு ரியல் ஐடி சட்டப்படி அந்தச் சிறு முரணையே காட்டி நம்பகத்தன்மை இல்லை என்று நீதிபதி எழுதலாம். விசா படிவத்தில் சொன்னது, விமான நிலையத்தில் சொன்னது, ஐ-589இல் எழுதியது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வித்தியாசம் இருந்தால் காரணத்தை வாக்குமூலத்திலேயே எழுதிவிடுங்கள். ஆங்கிலம் அல்லாத ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள்.

கெடு நெருங்கிவிட்டால், அனுப்பும் உறையின் கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் குடிவரவுத் துறை (யுஎஸ்சிஐஎஸ்) அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், ஓராண்டுக்குள் அனுப்பியதற்குத் தெளிவான ஆவணச் சான்று இருந்தால் அனுப்பிய தேதியையே தாக்கல் தேதியாக ஏற்பார்கள். குறையுள்ள விண்ணப்பத்துக்கு இந்தச் சலுகை உதவாது. அது திரும்பி வரும், கெடுவோ ஓடிக்கொண்டே இருக்கும்.